சஃபாரி வேன்ல ராயபுரத்து சத்தம்

இன்னிக்கு மலைல சஃபாரி வேன்ல ஏறினதும் பக்கத்து சீட்டு சார், "எந்த ஊரு?"ன்னாரு.

"ராயபுரம் சார்."

"இது மீன் மார்க்கெட் இல்ல. காட்டுல கத்தாம வாங்க."

அந்த ஒரு பதிலைத் தவிர நானும் நைனாவும் அதுவரிக்கும் வாயே தொறக்கல. எனக்கு சுர்ருன்னு ஏறிச்சு.

எங்க நைனா போட்டுல கடலுக்குப் போறவரு. மீன் கூட்டம் தெரிஞ்சா கத்த மாட்டாரு, கையைத்தான் தூக்குவாரு. இன்னிக்கும் அப்டியே தூக்கினாரு. பார்த்தா, மூங்கில் ஓரமா சிறுத்தை படுத்துகினு கீது!

"ஐயோ சிறுத்தை! சிறுத்தை! போட்டோ எடுடி!"

கத்தினது அந்த சார்தான். சிறுத்தை ஒரே தாவுல உள்ள போயிடுச்சு.

நைனா என் காதுல மெதுவா சொன்னாரு: "இந்தாள நம்ம போட்டுல ஏத்தினா வூட்டுல அடுப்பு எரியாதும்மா."

அதையே நான் வேன் மொத்தத்துக்கும் கேக்குற மாதிரி சொன்னேன். ராயபுரத்து சத்தம் அப்பதான் கேட்டுச்சு. தப்பா?