இரண்டு காக்கி டென்ட்டும் ஒரு தூதுக்காரியும்

ஸ்ரீரங்கத்தில் நான் மருமகளாகப் போன வீட்டில் மாமனாரும் மாமியாரும் ஒருவரோடொருவர் பேசமாட்டார்கள். சண்டை கிண்டை ஒன்றும் இல்லை, அந்த வீட்டு வழக்கம் அப்படி. நாலு பேர் இருக்கிற இடத்தில் பெண்டாட்டி புருஷனோடு நேருக்கு நேர் பேசினால் மரியாதைக் குறைவாம். அந்த வீட்டில் நாலு பேர் இல்லாத நேரம் என்று ஒன்று எப்போதாவது இருந்ததா? ஆகவே பேச வேண்டியதையெல்லாம் மூன்றாவது ஆள் வழியாகத்தான் சொல்லிக்கொள்வார்கள். நான் வரும்வரை அந்த மூன்றாவது ஆள் என் நாத்தனார், பள்ளிக்கூடத்துப் பெண். நான் வந்ததும் உத்தியோகம் எனக்குக் கைமாறிவிட்டது. அவள் அப்பாடா என்று கோலி விளையாடப் போய்விட்டாள்.

மாமனார் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். மாமியார் சமையலறை நிலைப்படியில் நின்றுகொண்டு என்னிடம் சொல்வார்: "கத்திரிக்காயா இது? ஒவ்வொண்ணும் கட்டையா இருக்கு. கண்ணை எங்கே வெச்சுண்டு வாங்கினார்னு கேளு."

இரண்டு பேருக்கும் நடுவே ஒரு ஊஞ்சல் ஆடுகிற தூரம்தான் இருக்கும். நான் திரும்பி, "கத்திரிக்காய் கொஞ்சம் முத்தலா இருக்காம்" என்பேன்.

"கண்ணை முகத்துலதான் வெச்சுண்டிருந்தேன்னு உள்ளே சொல்லு" என்பார் மாமனார், பேப்பரை இறக்காமலே.

நான் எவ்வளவு பாலிஷ் போட்டுச் சொன்னாலும் ஒரிஜினலுக்குத்தான் பதில் வரும். "அதான் காது நன்னா கேக்கறதே, அப்புறம் நடுவுல நான் எதுக்கு?" என்று பிறந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அம்மாவிடம் கத்தியிருக்கிறேன். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாளே தவிர ஒரு வழி சொன்னதில்லை.

அறுபதுகளின் ஆரம்பம் அது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. எங்கள் இருவருக்கும் கொடுத்திருந்த அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமனார் படுத்திருப்பார். நான் கொஞ்சம் கிசுகிசுத்தாலே அவருக்கு இருமல் வந்துவிடும். இவரோ, அதாவது என் கணவர், இருமல் கேட்ட மாத்திரத்தில் தூங்கிவிடுவார். தூங்குகிற மாதிரி நடிக்கிறாரா, நிஜமாகவே தூங்குகிறாரா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

இவரிடம் பேச எனக்கு ஒரு முக்கியமான விஷயம் இருந்தது. ஆற்றைத் தாண்டித் திருச்சியில், கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் நான் படித்தேன். டீச்சர் டிரெயினிங் முடித்துக் கல்யாணம் ஆகும்வரை அங்கேயே ஒன்றாம் வகுப்புக்குப் பாடமும் நடத்தினேன். என் நாத்தனாரும் அங்கேதான் படித்துக்கொண்டிருந்தாள். அவளை அழைத்துவரப் போன ஒரு நாள், தலைமை மதர் என்னை நிறுத்தி, "ஒண்ணாம் கிளாஸ் டீச்சர் வேலையை விட்டுப் போறாங்க. உனக்காக அந்த இடத்தை வெச்சிருக்கேன். ஸ்கூல் திறக்கறதுக்குள்ள சொல்லிடும்மா" என்றார். எனக்கு அங்கேயே 'சரி' என்று கத்த வேண்டும் போல இருந்தது. அந்தக் குட்டிகளின் கூச்சலும், சிலேட்டை எச்சில் போட்டு அழிக்கிற வாசனையும் இல்லாமல் நான் பாதி ஆளாகத்தான் இருந்தேன்.

ஆனால் வழி? நான் இவரிடம் சொல்ல வேண்டும். இவர் தன் அம்மாவிடம் சொல்ல வேண்டும். அம்மா மாமனாரிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வார்? என் வழியாக! 'மாட்டுப்பொண் வேலைக்குப் போறாளாம், அனுப்பலாமான்னு கேளு' என்பார். நான் கூடத்தின் நடுவில் நின்று, என் மனுவை நானே வாசிக்க வேண்டும். மாமனார் 'வேண்டாம்னு உள்ளே சொல்லு' என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் ஆயிற்று. நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லை அவர் திரும்ப வாங்கவேமாட்டார். அதனால் முதலில் இவரைத் தனியாக உட்காரவைத்து, நிதானமாகப் பேசி, என் கட்சிக்கு இழுத்தாக வேண்டும். ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் பஞ்சம்.

அப்போதுதான் டென்ட் வந்தது. இவர் அணைக்கட்டு வேலை பார்க்கும் ஆபீஸில் வரைபடம் போடுகிறவர். கொடைக்கானல் மலைப் பக்கம் காட்டுக்குள் ஒரு சின்ன நீர்த்தேக்கம். அதன் கரையில் சர்வேக்காரர்கள் அடித்த இரண்டு காக்கி டென்ட்டுகள் கோடையில் காலியாகக் கிடக்குமாம். ஆபீஸில் கேட்டுக்கொண்டு குடும்பத்தோடு போய்த் தங்கலாமாம். இதை இவர் கிணற்றடியில், நான் தண்ணீர் இழுக்கிற சகடைச் சத்தத்துக்கு நடுவே சொன்னார். "நாம ரெண்டு பேர் மட்டும்" என்று சேர்த்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாளி கயிற்றோடு உள்ளே போய்விட்டது.

அன்று சாப்பிடும்போது இவர் மெதுவாகப் பேச்சை எடுத்தார். மாமனார் மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது.

"மலைமேலயா? டென்ட்லயா? நாமளும் போலாமான்னு அவர்கிட்டக் கேளு."

கேட்டது யாரை? என்னை! கையில் மோர்ப் பாத்திரத்தோடு நின்ற நான், என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு, "நாமளும் போலாமான்னு கேக்கறா" என்றேன்.

"போலாம்னு உள்ளே சொல்லு" என்றார் மாமனார். இவர் இலையைவிட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை.

ஆக, அந்த வைகாசியில் ஐந்து பேரும் ரயிலேறினோம். கும்முட்டி அடுப்பு, கரி மூட்டை, காபி பில்டர், வடாம் டின், ஒரு பெரிய அடுக்கு நிறையப் புளியோதரை. ஆட்டுக்கல்லை மட்டும் இவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி நிறுத்தினார். கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் இறங்கி மலை பஸ். வளைவுக்கு வளைவு நாத்தனார் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி, அணை வேலைக்கு மணல் ஏற்றிப் போகும் லாரியில் மணலோடு மணலாக உட்கார்ந்து போனோம். மாமனார் டிரைவருக்குப் பக்கத்தில், மடித்த அங்கவஸ்திரத்தோடு, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

இடத்தைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ! சுற்றிலும் வானம் தெரியாத மரங்கள். காலுக்கடியில் பைன் சருகு மெத்தை. மரங்களுக்கு நடுவே தண்ணீர், அசையாமல், மலையை அப்படியே தலைகீழாக வைத்துக்கொண்டு கிடந்தது. வைகாசி வெயிலில் வெந்து போன திருச்சிக்காரர்களுக்கு அந்தக் குளிரை என்ன செய்வதென்றே தெரியவில்லை. "மன்னி, வாயிலேர்ந்து புகை வரது பாருங்கோ!" என்று நாத்தனார் ஊதிக் காட்டினாள். நான் ஊதினேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு மாமியாரும் திரும்பி நின்று ஊதினார்.

டென்ட்டைப் பங்கு போடுகிற வேலையை மாமியார் ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டார். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. சரிதான், பலகைத் தடுப்பாவது இருந்தது. இப்போது அதுவும் போயிற்று! நான் இவரைப் பார்த்தேன், இவர் டென்ட் முளையை ஆட்டிப் பார்ப்பது போல் குனிந்துகொண்டார்.

மாமியார் சருகைக் கூட்டி ஒதுக்கி, டென்ட் வாசலில் தண்ணீர் தெளித்துப் பெரிதாகக் கோலம் போட்டார். அதைப் பார்த்த, டென்ட்டுகளுக்குக் காவலிருந்த வாட்ச்மேன் தயங்கித் தயங்கி, "அம்மா, இந்தப் பக்கமா காட்டெருமை வருங்க. ஒண்ணும் பண்ணாதுங்க, அது பாட்டுக்குப் போயிடும்" என்றார்.

"வரட்டுமே. கோலத்தை மிதிக்காம போகச் சொல்லு" என்றார் மாமியார் என்னைப் பார்த்து. இனிமேல் காட்டெருமைக்கும் நான்தான் தூது.

அங்கே இருந்த நாட்களில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சுள்ளி பொறுக்க இவரோடு கிளம்பினால், மரங்களைப் பற்றி விளக்கம் சொல்ல மாமனார் கூடவே வந்துவிடுவார். தண்ணீருக்குப் போனால், "மன்னி, நானும்" என்று நாத்தனார் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொள்வாள். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அப்படிச் சிரித்துக்கொண்டே எந்த விறகையும் நான் பொறுக்கியதில்லை. கும்முட்டியில் கொதித்த சாத்தமுதை, அதாவது ரசத்தை, அந்தக் குளிரில் டம்ளர் டம்ளராக வாங்கிக் குடித்தோம். மாமனார் மூன்றாவது டம்ளர் கேட்டபோது, 'உள்ளே சொல்லு' என்று வாயெடுத்து, உள்ளே என்று ஒன்று அங்கே இல்லாததால் கையை மட்டும் நீட்டினார்.

ஊர் திரும்புவதற்கு முந்தைய சாயங்காலம் இவருக்கு எப்படியோ துணிச்சல் வந்துவிட்டது. தண்ணீரோரத்துப் பாறையைக் கண்ணால் காட்டினார். பிறகு கையை உயர்த்தி, சூரியன் கிளம்புகிற மாதிரி ஜாடை செய்தார். மாமனார் "என்னடா, தோள் வலியா?" என்று கேட்டார்.

காக்கை குருவி சத்தம் கேட்டதும் எழுந்தேன். நாத்தனார் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். மாமியார் பாய் காலி. போச்சு, கையும் களவுமாகப் பிடிபடப் போகிறேன் என்று நினைத்தேன். ஆனாலும் விடுவதாக இல்லை. அன்றைக்கு விட்டால் பிறகு பள்ளிக்கூடமே திறந்துவிடும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சருகு சத்தம் போடாமல் இறங்கினேன்.

பாறைக்குக் கொஞ்சம் மேலே, ஒரு மரத்துக்குப் பின்னால் இவர் நின்றிருந்தார். உதட்டில் விரலை வைத்து, கீழே காட்டினார். பாறையில் மாமனாரும் மாமியாரும் உட்கார்ந்திருந்தார்கள், பக்கத்தில் பக்கத்தில், நாலு காலும் தண்ணீருக்குள். மாமியார் பேசிக்கொண்டிருந்தார். மாமனாரிடம், நேரே அவர் முகத்தைப் பார்த்து!

"இது அவகிட்டச் சொல்லி அனுப்பற சமாசாரம் இல்லை. அவளைப் பத்தின சமாசாரம். அதான் உங்களை இத்தனை தூரம் இழுத்துண்டு வந்தேன்."

"சொல்லு" என்றார் மாமனார்.

"மதர் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருக்கா. 'உங்க மன்னி எப்போ வரா'ன்னு நம்ம குழந்தைகிட்டக் கேட்டாளாம். இவ வாயே தெறக்கலை. மென்னு முழுங்கிண்டு நிக்கறா. ஸ்கூல் விட்டுக் குழந்தைகள் தெருவுல போனா, கையில இருக்கறதைப் போட்டுட்டு வாசலுக்கு ஓடறா. நான் பாத்துண்டுதானே இருக்கேன்."

"ஆத்து வேலை?"

"எனக்கென்ன கையா முடங்கிடுத்து?"

"ஊர்ல ஏதாவது சொல்லுவா."

"சொல்றவா என்கிட்ட வந்து சொல்லட்டும், நான் பாத்துக்கறேன்" என்றார் மாமியார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அனுப்புங்கோன்னா. இப்படி உங்ககிட்ட உக்காந்து பேசறதுக்கு எனக்கு ஒரு மலை ஏறி வரவேண்டியிருக்கு. அவளாவது குழந்தைகளோட வாய் ஓயாம பேசிட்டு வரட்டும்" என்றார்.

மாமனார் காலால் தண்ணீரை அளைந்துகொண்டிருந்தார். "கல்யாணமான நாளா நீ என்கிட்ட நேரே கேட்டது இது ஒண்ணுதான். மாட்டேன்னு சொல்லுவேனா?" என்றார்.

எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அந்த அம்மாளை நான் என்னவெல்லாம் நினைத்திருந்தேன்! ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொள்ளலாமா என்று நிற்கும்போது, இவர் என் தோளைத் தட்டி, காதருகே குனிந்து கேட்டார்: "என்ன வேலை? எந்த மதர்?"

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், என் புருஷன் ஒருவருக்குத்தான் தெரியவில்லை! அழுகை போய்ச் சிரிப்பு பீறிட்டது. தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு மேலே ஓடினேன். பின்னாலேயே இவரும் "என்னன்னு சொல்லேன், என்னன்னு சொல்லேன்" என்று ஓடிவந்தார்.

கீழே பேச்சு முடிந்த பாடில்லை. சூரியன் மரங்களுக்கு மேலே வந்துவிட்டது. நான் கும்முட்டியைப் பற்றவைத்தேன். இவர் எதிரே குந்தி உட்கார்ந்து விசிறியால் விசிறினார். முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மதர் சொன்னது, நான் பயந்தது, கிணற்றில் வாளி விழுந்தது, எல்லாம். கிசுகிசுப்பெல்லாம் இல்லை, பட்டப் பகலில், முழுக் குரலில், கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். இவர் விசிறுவதை மறந்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ இவ்வளவு பேசுவியா?" என்றார். அடுப்பு அணைந்து போனது.

அப்போது பாதையில் மாமியார் ஏறிவந்தார். ஒரு கையில் தளும்பத் தளும்பத் தண்ணீர்ச் சொம்பு, நாலடி பின்னால் மாமனார். எங்களைப் பார்த்ததும் மாமியார் அப்படியே நின்றார். நான் சட்டென்று வாயை மூடிக்கொண்டு எழுந்தேன்.

"ஐயையோ, சொம்பைக் கரையிலேயே வெச்சுட்டேனே" என்றார் அவர். என்னிடம் இல்லை. திரும்பி, மாமனாரிடம். "வாங்கோ, போய் எடுத்துண்டு வந்துடலாம்."

மாமனார் அவர் கையிலிருந்த சொம்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "ஆமாம், ஆமாம், வா" என்று முன்னால் இறங்க ஆரம்பித்தார்.