ஆலமரம் இல்லாத ஆலடி பங்களா

போன ஞாயிற்றுக்கிழமை என் மருமகள் என்னைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தாம்பரத்தைத் தாண்டி மலையடியில் இருக்கிற காட்டைச் சுற்றி வேலி போட்டு, நடக்கப் பாதை வைத்து, நடுவில் நிற்கிற பழைய பங்களாவுக்கு வெள்ளை அடித்து, டிக்கெட் வாங்கிப் பார்க்கிற இடமாக ஆக்கியிருக்கிறார்கள். பங்களாப் படியில் ஏறும்போதே நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். "பரவால்லம்மா, செருப்போடவே போலாம்" என்றார் வாசலில் நின்ற காவல்காரர். அவர் சொல்வது சரிதான். ஆனால் அந்தச் சிவப்புத் தரையில் மண்டி போட்டு, எண்ணெய்த் துணியால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிய வைத்தவள் நான். செருப்போடு எப்படி மிதிப்பேன்?

கூடத்தில் ஒரு போர்டு இருந்தது. நான் படித்தது அஞ்சாம் கிளாஸ் வரைக்கும்தான், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். முன்பு இங்கே ஒரு பெரிய ஆலமரம் இருந்ததாம், அதனால் ஆலடி பங்களா என்று பேர் வந்ததாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன அத்தை, போர்டைப் பார்த்துச் சிரிக்கிறீங்க?"

"அந்த மரத்தைத் தேடிக்கினுதாம்மா உங்க மாமனார் என்னைப் பொண்ணு பாக்க வந்தாரு."

"மரம் இப்ப எங்க?"

"இருந்தாத்தானே!"

போர்டை மாற்றச் சொல்லலாமா என்று அவள் கேட்டாள். எதற்கு? இல்லாத மரத்துக்கு நாலு பேர் ஒரு நிமிஷம் பெருமூச்சு விட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

விஷயம் இதுதான். அந்த பங்களாவை எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரர், லீவு நாளில் வந்து தங்குவதற்காகக் கட்டினாராம். கேட்டில் இங்கிலீஷில் 'ஹாலிடே' என்று எழுதி வைத்துவிட்டார். அங்கே வேலை செய்தவர்கள் வாயில் அது ஆலிடே ஆகி, ஆலடி ஆகிவிட்டது. எங்கள் காலத்தில் அங்கே இருந்தவர் வயசான ஒரு டாக்டரம்மா. கிறிஸ்தவங்க, தனியாள். முதலில் எங்களைத் திருத்திப் பார்த்தார். பிறகு அவரே ரிக்‌ஷாக்காரரிடம் "ஆலடிக்குப் போப்பா" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். வேறு பேர் சொன்னால் வண்டி வராது.

அவருக்குச் சமைத்தது என் அம்மா, கூட்டித் துடைத்தது நான். பின்னால் இருந்த சின்ன வீட்டில் குடியிருந்தோம். களாக்காய் பழுக்கிற மாதத்தில் அந்தக் காடு முழுக்க ஒரு புளிப்பு வாசனை அடிக்கும். இப்போதும் எங்கேயாவது ஊறுகாய் ஜாடியைத் திறந்தால் எனக்கு அந்த மாடி வராந்தாதான் ஞாபகம் வரும்.

எனக்கு அப்போது வாயே கிடையாது. வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்கு அனுப்பினால், கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். குறைத்துக் கேட்க வேண்டுமே என்று நினைத்தாலே காது சூடாகிவிடும். "உன்னை வச்சே அந்த யாவாரிங்க மாடி வூடு கட்டிடுவாங்க" என்று அம்மா திட்டும். சந்தையோடு போயிருந்தால் பரவாயில்லை. முதலில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் "பேர் என்னம்மா?" என்று கேட்டபோதும் நான் என் கால் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொண்ணு ஊமை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அந்தப் பேச்சு பஸ் ஏறி ஊர் ஊராகப் போய்விட்டது. அதற்கப்புறம் ஒருவரும் வரவில்லை.

கடைசியில் கீழ்க்கட்டளையிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பல்லாவரத்தில் தோல் கிடங்கில் வேலை. அவருடைய அம்மா, "ஊமையா இல்லியான்னு நானே நேர்ல வந்து பாக்கறேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா என் தலையைப் பின்னிக்கொண்டே அழுதது. "பேர் கேட்டா பேரை மட்டும் சொல்லு கண்ணு. இதுவும் போச்சுன்னா உனக்கு வாய் கீதுன்னு நான் யாராண்ட போய் சொல்லுவேன்?"

மத்தியானம் வர வேண்டியவர்கள் வெயில் தாழ்ந்தும் வரவில்லை. கேசரி ஆறிப் பாளமாகிவிட்டது. அம்மா பதறிப்போய் பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடியது. டாக்டரம்மாவுக்குக் கால் வலி, எழுந்திருக்க முடியாது. "மாடியில போய் ரோட்டைப் பாரு" என்று என்னை அனுப்பினார்.

ரோட்டில் யாரும் இல்லை. காட்டுச் சரிவில் ஒரு கறுப்புக் குடையும் ஒரு வெள்ளைச் சட்டையும் தெரிந்தன. ஒவ்வொரு மரமாகப் போய் நின்று, அண்ணாந்து பார்த்துவிட்டு, அடுத்த மரத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. எனக்குப் புரிந்துவிட்டது. ஆலடி என்றால் ஆலமரத்தடி என்று நினைத்துக்கொண்டு, கேட்டைத் தாண்டிக் காட்டுக்குள் போயிருக்கிறார்கள்!

பார்த்துக்கொண்டே இருக்கும்போது குடை ரோட்டுப் பக்கம் திரும்பியது. கோபமாகத் திரும்பியது, குடையைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த நேரம் கூப்பிடாவிட்டால் அவ்வளவுதான்.

கூப்பிடத்தான் வேண்டும், ஆனால் என்னவென்று கூப்பிடுவது? அண்ணா என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பெண் பார்க்க வந்தவரை அண்ணா என்றால் விளங்கினாற்போலத்தான்! சார் என்றால், அவரை யார் சார் என்று கூப்பிட்டிருக்கப்போகிறார்கள், திரும்பியே பார்க்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கத்திவிட்டேன்.

"ஏங்க! ஏங்க! இங்கதாங்க ஆலடி!"

மலையில் மோதி "ஏங்க, ஏங்க" என்று திரும்பி வந்தது. அதன் பின்னாலேயே கீழேயிருந்து ஒரு குரல். "எவடி அவ, எம்புள்ளய ஏங்கன்றவ?"

படியேறி வந்தபோது பையனுடைய அம்மாவின் புடவை முழுக்க முள். அதற்குள் என் அம்மாவும் ஓடி வந்து, மூச்சு வாங்க நின்றது. "மரம் எங்கடி?" என்றார்கள் என்னைப் பார்த்து. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஊமைன்னாங்க! காடே அதிருது! தாலி கட்றதுக்கு முன்னாடியே ஏங்கவா?"

"வுடுமா" என்றார் அவர், சட்டையில் ஒட்டியிருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டே. "கூப்ட்டாங்க, வந்துட்டோம்."

"சரி, உம்பேரு இன்னா?"

மறுபடியும் எனக்குக் கட்டை விரல்தான் தெரிந்தது. அம்மா முகம் வெளுத்துவிட்டது. அந்த அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். "பேர் அப்பாலிக்கா சொல்லட்டும். கூப்புடத் தெரிஞ்சி கீதே, அது போதும். அந்தக் கேசரிய எடும்மா, பசி கொல்லுது."

கடைசி வரைக்கும் நான் என் வீட்டுக்காரரை 'ஏங்க' தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. இப்போது அவர் இல்லை. டாக்டரம்மா இல்லை. எங்கள் சின்ன வீடு இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. மாடிக்குப் போகிற படியில் கயிறு கட்டியிருக்கிறார்கள்.

மருமகளோடு காட்டுப் பாதையிலும் கொஞ்ச தூரம் நடந்தேன். திருப்பத்துக்குத் திருப்பம் அம்புக்குறி போட்ட பலகை. சின்னப் பிள்ளைகூட இனிமேல் அங்கே வழி தப்ப முடியாது. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு அதில் ஒரே ஒரு பலகை இருந்திருந்தால், அவர்கள் நேராக வீட்டுக்கு வந்து, சூடாகக் கேசரி தின்று, பேர் கேட்டு, ஊமை என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.