கடைசி ரீல் இல்லாத பிள்ளைத்தாச்சிப் படம்

கையால் சுழற்றிப் படம் காட்டுகிறவன் தோளில் வலியோடும் தொண்டையில் புண்ணோடும்தான் வீடு திரும்புவான். என்னைப்போல் அவதிப்பட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பகல் காட்சி

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் எனக்கு இருபத்திரண்டு வயது. பெரியப்பா விட்டுப்போன படப்பெட்டி, ஒரே ஓர் ஊமைப்படம், ஒரு சைக்கிள். இவற்றோடு ரந்தாவ் பக்கத்துத் தோட்டங்களைச் சுற்றிவந்தேன். இரவில் விளக்கு ஏற்றக் கூடாது என்று உத்தரவு. அதனால் பகலில், ரப்பர் ஷீட் காயப்போடும் புகைக்கொட்டகையில் காட்டினேன். ரப்பரை வாங்க ஆளில்லாமல் அது காலியாகக் கிடந்தது. கதவைச் சாத்தினால் கும்மிருட்டு.

படமோ சிரிப்புப் படம். கல்யாணத்துக்கு முன்பே வயிற்றில் பிள்ளை தங்கிவிட்ட ஒரு பெண், அதை அப்பாவிடம் மறைக்கப் படும் பாடு. அப்பா வரும்போதெல்லாம் ஒரு பூசணிக்காயைத் தூக்கி வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொள்வாள். எல்லோருக்கும் நானே குரல் கொடுத்தேன். நான் பெண் குரலில் கெஞ்சுவதைக் கேட்டு ஒரு கிழவர் சொன்னார்: "படத்தைவிட உன் வாய்தான்டா நல்லா ஓடுது."

மழை தின்ற ரீல்

மழைக்காலத்தில் கடைசி ரீல் ஒட்டிக்கொண்டு பாழானது. வெறும் வெளிச்சத்தைத் திரைத்துணியில் விழவிட்டு, மிச்சக் கதையை வாயாலேயே சொல்லிச் சமாளித்தேன். கோலா பிலா பக்கம் ஒரு தோட்டத்தில், காதலன் ஓடிப்போய்விட்டான் என்று முடித்தேன். அழவைத்தால் மதிப்பு கூடும் என்று நினைத்தேனோ என்னவோ! மரவள்ளிக்கிழங்குத் தோல் பறந்து வந்தது. ஓர் அம்மாள் எழுந்து கேட்டாள்: "புள்ளையப் பெத்துப் போடாம படத்தை எப்படிய்யா முடிப்பே?"

அஞ்சலை

அடுத்த தோட்டத்தில் நான் துணி கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் அஞ்சலை, மரம் கீறி ரப்பர் பால் எடுக்கிறவள், தோட்டத்து ஆட்களை மேய்க்கும் கங்காணியின் மகள். மூன்று மாதம் என்றாள். முனியாண்டி என்பவன் காரணம். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் லிஸ்டில் அவன் பெயர் இருந்தது. போனவர்கள் திரும்புவது அரிது. லாரி மறுநாள் வரும். இந்த முறை கல்யாணமாகாதவர்கள் மட்டும்தான். பெயர்களை எழுதிக்கொடுத்தவர் அவள் அப்பா. அவருக்கோ மகளின் விஷயமே தெரியாது.

என் படக்கதையும் அதன் முடிவை நானே சொல்வதும் அவள் காதுக்கு எட்டியிருந்தன. அவள் சொன்னாள்: "படத்துல அந்தப் பொண்ணு அப்பாகிட்ட சொல்லிடற மாதிரி முடிங்கண்ணே. அதைக் கேட்டு எங்கப்பா சிரிச்சா, நானும் சொல்லிடுவேன்."

கங்காணியின் சிரிப்பு

என் வாழ்நாளில் அப்படிச் சுழற்றியதில்லை! கங்காணி முன்வரிசைப் பெஞ்சில் இருந்தார். பூசணிக்காய்க்குச் சிரித்தார். ரீல் தீர்ந்தது, துணி வெளுத்தது. பெண் குரலில் கத்தினேன்: "அப்பா, பூசணிக்காய் உங்களுக்கு, பேரப்பிள்ளையும் உங்களுக்கு!"

கங்காணி தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "சொல்லிட்டா பாரு கழுதை!"

பெண்கள் பக்கத்தில் அஞ்சலை எழுந்தாள். "அப்பா, நானும் ஒண்ணு சொல்லணும். எனக்கு மூணு மாசம். முனியாண்டி பேரை லிஸ்ட்லேருந்து எடுங்க."

சிரிப்பு அப்படியே நின்றது. என் கை மட்டும் வெறும் பெட்டியைச் சுழற்றிக்கொண்டே இருந்தது. பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்: "இது படத்துல வருதா, நெசமாவா?"

ஒன்பது பேர்

கங்காணி நேராகப் போய் முனியாண்டியை ஓர் அறை அறைந்தார். பிறகு அதே கையால் அவனைப் பிடித்து மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துப் போனார். பொழுது சாய்வதற்குள் மஞ்சள் கயிறு ஏறிவிட்டது! தோட்டமே ஆர்ப்பரித்தது. எல்லாருக்கும் மரவள்ளிக்கிழங்குப் பாயசம். அஞ்சலை என்னைப் பார்த்து அழுதுகொண்டே சிரித்தாள். ஓர் உயிரை, இல்லை, இரண்டு உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்று குதித்தேன். அது அவள் தைரியமா, என் வாயா என்று யோசிக்கக்கூட அப்போது தோன்றவில்லை.

பெட்டியைச் சைக்கிளில் கட்டும்போது கங்காணி வந்து தோளில் கை வைத்தார். குரல் தணிந்திருந்தது. "ஜப்பான்காரன் பத்துப் பேர் கேட்டிருக்கான், இப்போ ஒம்பதுதான் இருக்கு. அது சரி தம்பி, உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

அந்த லாரியில் போய் உயிரோடு திரும்பிவிட்ட எனக்கு, இது முன்பே தெரிந்திருந்தால் அந்தக் கடைசி வசனத்தை அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருப்பேனா என்பது மட்டும் இந்த ஐம்பத்தைந்து வயதிலும் பிடிபடவில்லை.