அடிகுழாய்ப் பாடம்

பேருந்தில் உட்கார்ந்ததும் அல்போன்சா டீச்சரின் கண் பக்கத்து இருக்கைக்காரரின் கூடைக்குள் போய்விடும். ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகிற முருங்கைக்காய் என்றால், "இது எம்புட்டு நாளைக்கு வாடாம கெடக்கும்? கேரளா போய்ச் சேர்றவரைக்கும் தாங்குமா?" என்பார். கேட்ட பதில் மறுநாள் எரியோட்டுக்குப் பக்கத்துத் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடமாகிவிடும். மீன் கடையிலும் இப்படியே நின்றுவிடுவதால், கணவர் சூசைமுத்து அவரைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போவதையே விட்டுவிட்டார்.

தொண்ணூற்றெட்டில், பிள்ளைகளின் அன்றாட வாழ்க்கையை ஒட்டிப் பாடம் எழுதக் கல்வித்துறையில் ஆசிரியர்கள் சிலரைச் சேர்த்தார்கள். அல்போன்சா முதல் வேலையாகப் பழைய கணக்குப் புத்தகத்தின் ஆப்பிளையும் கப்பலையும் தூக்கினார். "எம்புள்ளைக பாக்காதத வச்சு எதுக்குக் கணக்கு?" அவர் எழுதியதில் அவருக்கே பிடித்தது அடிகுழாய்ப் பாடம். எத்தனை அடியில் குடம் நிறையும்? உங்கள் வீட்டில் யார் தண்ணீர் எடுக்கிறார்கள்? எப்படி எடுக்கிறார்கள்?

வெள்ளோட்டம் அவர் வகுப்பிலேயே நடந்தது. அதிகாரி ஒருவர் பின்னால் உட்கார்ந்திருந்தார். கடைசிக் கேள்விக்கு அழகம்மாள் என்ற சிறுமி எழுந்தாள்.

"எங்காத்தா குடத்த வச்சிட்டுத் தள்ளி நிக்கும் டீச்சர். நாங்க கைப்பிடியத் தொடக்கூடாது. ஊர்க்காரவுகளா அடிச்சு ஊத்துனாத்தான்."

வாய்ப்பாடு ஒப்பிக்கிற அதே குரலில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். இந்தப் பதிலை நினைத்து அல்போன்சா அந்தக் கேள்வியை எழுதவில்லை.

வகுப்பு முடிந்ததும் அதிகாரி, அடியை எண்ணுவதோடு பாடத்தை நிறுத்திக்கொள்ளச் சொன்னார். இல்லாவிட்டால் வம்பு வரும் என்றார்.

"புள்ள பதில் சொல்லிருச்சு சார். இனி கேள்விய எப்படி அழிக்கிறது?"

அழித்துவிட்டார்கள். சில வாரங்களில் அச்சாகி வந்த புத்தகத்தில் குடமும் எண்ணிக்கையும் மட்டுமே இருந்தன. அல்போன்சா யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. அழகம்மாளின் தாயைத் தேடிப் போய், தான் செய்ய நினைத்திருப்பதைச் சொன்னார். அவள், "நீங்க கூடவே நிப்பீகளா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை வகுப்பு முழுதும் வரிசையாகக் குழாயடிக்குப் போனது. குழாய்க்கு எதிர்வீட்டு ஊர்க்காரர் மலைச்சாமி வெளியே வந்து, இதெல்லாம் என்ன என்று அல்போன்சாவிடம் விசாரித்தார்.

"கணக்குப் பாடம்ணே. கவருமெண்டு புத்தகத்துலயே போட்டிருக்கு."

அவர் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றார். அழகம்மாள் கைப்பிடியைப் பிடித்தாள். முதல் அடி காற்றாகப் போனது. அப்புறம் தண்ணீர் வந்தது. பிள்ளைகள் உரக்க எண்ண எண்ணக் குடம் நிறைந்து வழிந்தது.

குடத்தை நகர்த்திவிட்டு, "இன்னும் ரெண்டு அடி அடி, தாயி" என்றார் அல்போன்சா. மலைச்சாமி பார்த்துக்கொண்டிருக்க, குனிந்து இரண்டு கைகளிலும் ஏந்திக் குடித்தார்.