போலீஸ் போட்ட நாற்காலி

குத்தாலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் நடவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். கூலியை உயர்த்திக் கேட்டோம் என்று பண்ணையார் வெளியூர் ஆட்களை அறுவடைக்கு இறக்கினார். பெண்கள் நாங்கள் வரப்பின் குறுக்கே படுத்துக்கொண்டோம். போலீஸ் என்னைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போய் வேனில் ஏற்றியது. சிறையில் என் பக்கத்தில் படுத்தவள் என் வயதுக்காரி, எங்கள் தெருக்காரி. குளிருக்கு இரண்டு பேரும் ஒரே சேலையைப் போர்த்திக்கொண்டோம்.

அந்தப் போராட்டப் பெயருக்காகத்தான் பல வருஷம் கழித்துக் கட்சி எனக்கு நகராட்சியில் சீட்டு கொடுத்தது. அதற்குள் கட்சிக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு டவுனுக்கு வந்திருந்தேன். வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் அவருக்குப் பதில் நான் நின்றேன். ஜெயித்த மறுநாளே ஊர் அவரைத்தான் கவுன்சிலர் என்றது. மனு வாங்குவதும் அதிகாரிகளிடம் பேசுவதும் அவர். காட்டிய இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

வாய்க்கால் கரைக் குடிசைகளை எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. வயல்வேலை இல்லாமல் டவுனுக்கு வந்தவர்கள் அங்கே இருந்தார்கள். சிறையில் என்னோடு இருந்தவளும் அவர்களில் ஒருத்தி. நாலைந்து பேரோடு வீட்டுக்கு வந்தாள்.

"பாத்துக்கலாம், போங்க," என்றார் என் கணவர்.

"அண்ணே, நான் உங்ககிட்ட பேச வரல. அவகிட்ட பேச வந்தேன். எங்க அவ?"

நான் அடுப்படியில் அவர்களுக்குக் காபி கலந்துகொண்டிருந்தேன். தட்டோடு வெளியே வந்தபோது அவள் என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். காபியைத் தொடவில்லை. 

குடிசைகளை அகற்றும் தீர்மானம் நகராட்சிக் கூட்டத்துக்கு வந்தது. ஆதரிப்பது என்று கட்சி முடிவு செய்திருந்தது. நான் எழுந்து, "எதிர்க்கிறேன்," என்றேன். 

"வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுங்கம்மா," என்றார் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள். தீர்மானம் நிறைவேறியது.

குடிசைகளை இடிக்கும் இயந்திரம் வந்த காலையில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போய் அதன் முன்னால் நின்றேன். இழுத்துப் போவார்கள் என்று நினைத்தேன். இன்ஸ்பெக்டர் சல்யூட் அடித்தார். "மேடம், வெயில்ல நிக்காதீங்க," என்று புளியமர நிழலில் நாற்காலி போடச் சொன்னார். இயந்திரம் என்னைச் சுற்றிக்கொண்டு அடுத்த பக்கமாகக் கரையில் ஏறியது.

அவள் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். உதவக் குனிந்தேன். "விடுங்க. சேலை அழுக்காயிடும்," என்றாள். அதுவரை என்னை வாடி போடி என்றுதான் கூப்பிடுவாள்.

அவர்களுக்கு ஊருக்கு வெளியே, சுடுகாட்டுப் பக்கம் இடம் கொடுத்தார்கள். பட்டாவுக்காகத் தாலுகா ஆபீசுக்கு அவர்களோடு நானும் அலைந்தேன். கடைசியில் கிடைத்தது. அவள் எனக்கு நன்றி சொன்னாள், மரியாதையாக.

அடுத்த தேர்தலில் சீட்டு வேறொருவர் மனைவிக்குப் போனது. ஓட்டுக் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அந்தப் பெண்ணின் கணவர்தான் பேசினார். அவள் அவருக்குப் பின்னால் கைகூப்பி நின்றாள். அந்தப் பெண்ணிடம் நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.