ஆத்தா அணைத்த அடுப்பு

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் நான் ஒருத்தி இருப்பது உனக்குத் தெரியுமா என்று மாரியம்மனிடமே சண்டை போட்டவள் நான். அதனால்தான் இதை உங்களிடம் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் கொழும்பில் உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரில் பளபளப்பான பலகை பொருத்துகிறார். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும்தான் வருவார். போன தீபாவளிக்கு, வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கொண்டுவந்து, கரி பிடித்த அடுப்படிச் சுவரில் அடித்துக் கொடுத்தார். நாங்கள் அதைத் தகரம் என்றோம். கூரையும் தகரம், இதுவும் தகரம். தகரம் எங்கே எரியப்போகிறது? அவர் போன பிறகு தினமும் அதைத் துடைப்பேன். அவர் கை பட்டது அது ஒன்றுதானே. வெள்ளிதோறும் விளக்கேற்றி, அவரை ஒருதரம் அனுப்பு ஆத்தா என்று கேட்பேன். லீவே கிடைக்கவில்லை.

ஆனி மாதம் மகளுக்கு அம்மை போட்டுவிட்டது. அவரை அனுப்பச் சொன்னால் நீயே வந்துவிட்டாயா என்று அழுதேன்.

அம்மாள் வந்த வீட்டில் வறுக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது. நான் அடுப்பே மூட்டவில்லை. பக்கத்து வீட்டு அக்கா கஞ்சியை வாசலில் வைத்துவிட்டுப் போவார். எங்கள் குளிருக்கு வேப்பமரம் ஏது? வேப்பிலை வேண்டுமென்று அவருக்குப் போன் போட்டேன். அம்மை என்றதும் லீவு கொடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் வேப்பிலைக் கட்டோடு வந்தார். கால் கழுவி, மகளைப் பார்த்தார். பிறகு நேரே அடுப்படிக்குப் போய்ப் பலகைகளைப் பெயர்த்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. ஒரு துண்டை லயத்துக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொளுத்திக் காட்டினார். நடுப்பகுதி மெழுகுபோல் உருகி, சொட்டிச் சொட்டி எரிந்தது.

"இது தகரம் இல்ல புள்ள. ரெண்டு தகட்டுக்கு நடுவுல பிளாஸ்டிக். கல்லுப் பொடி வச்சது வேற இருக்கு, அது இப்படிப் பத்திக்காது. வெளிய பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். நீ வேப்பிலை கேட்ட அன்னைக்குத்தான் சைட்டுல எரிச்சுக் காட்டினாங்க. போன்ல சொன்னா நீ கழட்டுவியா? அம்மா வந்த வீட்டுல அடுப்பு மூட்டமாட்டங்கிற தைரியத்துலதான் வந்தேன்."

கழற்றியிருக்க மாட்டேன்தான். அடுப்பை ஒட்டியிருந்த துண்டின் ஓரம் ஏற்கெனவே உப்பி, உருகி வழிந்திருந்தது. இன்னும் ஒருநாள் மிளகாய் வறுத்திருந்தால்? ஒரே கூரைக்குக் கீழே பத்து வீடு. உள்ளே எழுந்திருக்க முடியாத பிள்ளை. அங்கேயே உட்கார்ந்து ஆத்தாளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வரை இருந்துவிட்டுப் போனார். சுவர் பழையபடி கரிதான். பழக்கத்தில் கை துணியை எடுக்கிறது, துடைக்க ஒன்றுமில்லை. இப்போது நான் ஆத்தாளோடு சண்டை போடுவதில்லை. கேட்பதை மட்டும் விடவில்லை.

உங்கள் அடுப்படியிலும் தகரம் என்று எதையாவது அடித்திருந்தால் அதன் ஓரத்தைப் பாருங்கள். இரண்டு தகட்டுக்கு நடுவில் ஏதாவது இருந்தால் முதலில் கழற்றுங்கள். அப்புறம் நம்பிக் கேளுங்கள். எனக்கு அவரை ஒருதரம் அனுப்பினாள். இன்னொரு தரமும் அனுப்புவாள்.