பாட்டுப் புத்தகம் கேட்டு எழுதிய கடிதம்

அப்பா எந்த ஆபீசில் வேலை பார்த்தார் என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் ஒன்றும் ஆகிவிடாது, தெரியும். ஆனாலும் பேனா அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரம் குவார்ட்டர்ஸ், வாசலில் காவல், அடையாள அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும்.

அந்தக் குவார்ட்டர்ஸில் அப்பாவைப் போலப் பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை. ஒருமுறை மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, தங்களைப் படம் எடுத்துத் தரச் சொல்லிக் கேமராவை நீட்டினார்கள். அப்பா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "நோ, நோ" என்று பின்வாங்கி, எங்களையும் விட்டுவிட்டு நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். வெளிநாட்டு ஆட்களோடு தொடர்பு ஏற்பட்டால் ஆபீசில் சொல்ல வேண்டும் என்று ஏதோ சர்க்குலர் இருந்ததாம். அதை நான் பார்த்ததில்லை. அம்மாவும் நானும் பஸ்ஸில் வீடு வரைக்கும் அவரைக் கிண்டல் செய்துகொண்டு வந்தோம்.

அப்போது நான் செங்கல்பட்டில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கல்லூரி விட்டதும் சில நாள் மாமல்லபுரத்தில் இறங்குவேன். கடற்கரைக்குப் போகும் தெருவில் ஒரு பாய் கடை வைத்திருந்தார். வெளிநாட்டுப் பயணிகள் ஊருக்குக் கிளம்பும்போது சுமை குறைய விற்றுவிட்டுப் போகிற புத்தகம், கேசட் எல்லாம் அங்கே கிடைக்கும். ஒரு நாள் நான் எடுத்த கேசட்டைப் பார்த்து அவரே முகம் சுளித்தார்.

"இத்த இன்னாத்துக்குமா எடுக்கற? இதுல ஒரு பாட்டு கூட ஹிட்டு கெடையாது. வெள்ளக்காரனே வேணாம்னு வுட்டுட்டுப் போய்க்கிறான். ரொம்ப நாளா இங்கியே குந்திகினு கீது."

அவர் சொன்னது சரிதான். அது ஹிட்டாகாத பாட்டுகளுக்கென்றே போட்ட கேசட். ஸோல் என்று ஒரு வகை இசை. அமெரிக்கக் கறுப்பின மக்கள், சர்ச்சில் பாடிப் பழகிய குரலில் காதலையும் கஷ்டத்தையும் பாடியது. சின்னச் சின்ன ஊர்களில் கொஞ்சமே கொஞ்சம் ரெக்கார்டு போட்டு, விற்காமல், பரணிலும் குப்பையிலும் போன பாட்டுகளை இங்கிலாந்தில் ஒருவர் தேடித் தேடிச் சேர்த்திருந்தார். கேசட்டுக்குள் மடித்து வைத்த தாளில் ஒவ்வொரு பாட்டுக்கும் பொடி எழுத்தில் கதை இருந்தது. ஒரு பாட்டுக்கு மட்டும், பாடிய பெண் யாரென்று தெரியவில்லை, லேபிளில் பெயர் அழிந்துவிட்டது என்று போட்டிருந்தது.

அந்தப் பாட்டைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். தணிந்த குரலில் ஆரம்பிப்பாள். நடுவில் சட்டென்று நிறுத்திவிடுவாள், டிரம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். பிறகு மூச்சை இழுத்து ஏதோ ஒரு வார்த்தை சொல்வாள். அது என்ன வார்த்தை என்று என் இங்கிலீஷுக்கு எட்டவே இல்லை. எனக்கு அழுகை வரும். என்ன சொல்கிறாள் என்று தெரியாமலே அழுகிறோமே என்று என் மேலேயே எரிச்சலும் வரும்.

நம் ஊரில் படம் வந்தால் பாட்டுப் புத்தகமும் வரும். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் சாணித்தாளில் அச்சடித்துக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார்கள். எந்தப் பாட்டுக்கும் எங்கேயாவது ஒரு பாட்டுப் புத்தகம் இருந்தே தீரும் என்று நம்பினேன். அதனால் தாளின் அடியில் இருந்த விலாசத்துக்குக் கடிதம் எழுதினேன். ஐயா, இந்தக் கேசட்டின் பாட்டுப் புத்தகத்தைத் தயவுசெய்து அனுப்பி வையுங்கள். வெளிநாட்டிலிருந்து வருவது வழியில் தொலைந்துவிடக் கூடாதே என்று, அனுப்புநர் விலாசத்தில் அப்பாவின் பெயர், பதவி, பிரிவு, ஆபீஸ் எல்லாவற்றையும் கொட்டை எழுத்தில் போட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

சில மாதம் கழித்து ஒரு நாள் மத்தியானம் அப்பா வீட்டுக்கு வந்து நின்றார். மத்தியானத்தில் அவர் வந்ததே கிடையாது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. செருப்பைக் கழற்றாமலே கேட்டார்.

"இங்கிலாந்துல உனக்கு யாரைத் தெரியும்?"

ஆபீஸ் தபாலில் அவர் பெயருக்கு ஒரு பார்சல் வந்திருக்கிறது. அதைப் பாதுகாப்பு அதிகாரியிடம் கொண்டுபோய்விட்டார்கள். உள்ளே என் பெயருக்கு, ஒரு கேசட்டைப் பற்றிக் கடிதம் இருந்திருக்கிறது. நாளைக்கு மகளையும் அந்தக் கேசட்டையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் அதிகாரி. அப்பா கேசட்டையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னதாகத்தான் சொன்னார். வேறு நாளாயிருந்தால் சிரித்திருப்பேன்.

"குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிட்டா எங்கங்க போறது?" என்றாள் அம்மா. அப்பா பீரோவைத் திறந்து பாஸ்புக்கை எடுத்துப் புரட்டினார். வேலை போய்விடும் என்று அவர் நினைத்துவிட்டார் என்பது அதில் எனக்குப் புரிந்தது. அன்று வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று ஞாபகமில்லை. வாசலில் யாராவது செருப்பைத் தேய்த்து நடந்தால் மூன்று பேரும் பேச்சை நிறுத்தினோம். அம்மா என்னிடம் கேட்காமல் கேசட்டை அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டாள். எதற்கு என்று கேட்டேன். அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். அதிகாரி நரைத்த மீசைக்காரர், மரியாதையானவர். எங்களை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அந்த மரியாதை என்னை இன்னும் பயமுறுத்தியது. கேசட்டை வாங்கித் தன் மேஜை மேலிருந்த டேப் ரெக்கார்டரில் போட்டார். சுற்றவில்லை. வெளியே எடுத்துத் தட்டினார். மேஜைக் கண்ணாடி மேல் ஓர் அரிசி விழுந்தது.

"அரிசி எப்படி வந்துச்சு?"

"டிரம்ல வச்சிருந்தோம் சார்," என்றேன்.

"ஏன்?"

அப்பாவின் காது மடல் சிவந்து போயிற்று. அதிகாரி எதையோ குறித்துக்கொண்டு, பென்சிலால் இன்னொரு அரிசியையும் தள்ளிவிட்டு, மறுபடி போட்டார். இம்முறை பாடியது. பார்சலில் வந்த தாள்களை என் பக்கம் திருப்பினார். அப்போதுதான் அவற்றை முதல்முறையாகப் பார்த்தேன். பாட்டுப் புத்தகம் என்று ஒன்று கிடையாது போலிருக்கிறது. அந்த மனிதர் எனக்காக ஒவ்வொரு பாட்டையும் கேட்டுக் கேட்டு, தானே டைப் அடித்து அனுப்பியிருந்தார். தனக்குப் புரியாத இடத்தில் புள்ளி புள்ளியாக விட்டிருந்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே எழுத்தும் எண்ணுமாகக் கலந்து ஒரு வரி இருந்தது.

"இந்த நம்பரெல்லாம் என்ன?"

"ரெக்கார்டு நம்பர் சார்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கேசட்டு தாள்லயும் அப்படித்தான் சார் போட்டிருக்கு."

"இந்தப் புள்ளி?"

"அந்த வார்த்தை அவருக்கும் கேக்கல சார்."

சொல்லும்போதே அது எவ்வளவு பொய்யாகத் தொனிக்கிறது என்று எனக்கே தெரிந்தது. எவனோ ஒரு வெள்ளைக்காரன், விற்காத பாட்டுகளைச் சேர்த்து, முகம் தெரியாத பெண்ணுக்குப் பாதி வார்த்தைகளை அனுப்புகிறான். அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன். பாடியவளின் குரல் நின்றது, டிரம் மட்டும் போயிற்று. அதிகாரி ஒலிநாடாவை நிறுத்தினார்.

அவர் அப்பாவைப் பார்த்துக் கேட்டார். "உங்களுக்குத் தெரியாம எழுதினாளா?"

அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஆமாம் என்று சொன்னால் அப்பா தப்பித்துக்கொள்வார், என் பெயர் ஃபைலில் ஏறும். படித்து முடித்துப் பரீட்சை எழுதி அதே மாதிரி ஓர் ஆபீசில் நான் சேர வேண்டும் என்பதுதான் வீட்டில் எல்லாருடைய கனவும். நான் உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். அவர் உள்ளங்கை சொதசொதவென்று நனைந்திருந்தது.

"தெரியும் சார். நான்தான் எழுதச் சொன்னேன். ஆபீஸ் விலாசம் போடுன்னு சொன்னதும் நான்தான்."

சர்க்குலர் தெரியுமா என்று கேட்டதற்கும் "தெரியும் சார்" என்றார். விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தார். அப்போதும் எழுத்து வழக்கம்போலக் குண்டு குண்டாக அழகாகத்தான் இருந்தது. பார்சலையும் கேசட்டையும் எங்களிடமே கொடுத்துவிட்டார் அதிகாரி. "இனிமே வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில் அப்பாவால் சாவியைத் துவாரத்தில் நுழைக்க முடியவில்லை. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. பிறகு அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பாவம், உக்காந்து இவ்வளவும் டைப் அடிச்சிருக்கான். கெடைச்சுதுன்னு ஒரு வரி எழுதணும் இல்ல?"

"எழுதட்டுமாப்பா?"

"வேணாம், வேணாம்," என்று சுற்றுமுற்றும் பார்த்தார். "நான் ரிட்டையர் ஆகட்டும். அப்புறம் எழுதிடு."

அந்த வருடம் பதவி உயர்வு நேர்காணலுக்கு அவரைக் கூப்பிடவில்லை. இதனால்தானா என்று எங்களுக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை. கேட்கிற ஆளா அவர்?

இரண்டாயிரத்துக்குப் பிறகு அவர் ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் செங்கல்பட்டில் வாடகைக்கு வந்தோம். இப்போது எழுதலாமா என்றேன். பென்ஷன் ஆர்டர் வரட்டும் என்றார். ஆர்டர் வந்தது. எனக்கு நாவலூரில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை கிடைத்திருந்த சமயம். சேர்ந்து கொஞ்ச நாள் போகட்டும், விசாரிப்பார்கள் என்றார். பாட்டைப் பற்றி ஒரு வரி எழுதினால் யார் விசாரிக்கப் போகிறார்கள் என்று கத்தினேன். அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

அவர் போய்ச் சில வருடம் ஆகிறது. இனி என்னைத் தடுக்க ஆளில்லை. ஒரு ராத்திரி வீட்டில் கம்ப்யூட்டரில் தேடினேன், அந்த மனிதர் இன்னும் பாட்டுகளைச் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறார். ஒரு மின்னஞ்சல் போதும். உங்கள் தாள்கள் கிடைத்தன, மிக்க நன்றி என்று அடித்தேன். பிறகு அம்மாவுக்கு வருகிற குடும்ப பென்ஷன் ஞாபகம் வந்தது. எழுந்து போய்க் கதவு தாழ் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து, அடித்ததையெல்லாம் அழித்தேன்.